மீந்த களிம்பு யாருக்கு?

பல வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. யாருக்கோ எப்போதோ டாக்டர் எழுதித் தந்த கண் களிம்பு பாதி மீந்துவிடும். அதைப் பத்திரமாக அலமாரியில் வைப்பார்கள். சில மாதம் கழித்துத் தம்பிக்கோ பாட்டிக்கோ கண் சிவந்தால், "அந்த ட்யூபை எடு" என்பார்கள். சிக்கனம் நல்ல குணந்தான். ஆனால் கண் விஷயத்தில் இந்தச் சிக்கனம் கூடவே கூடாது என்பது என் கருத்து. காரணத்தைப் பார்ப்போம்.

பாக்டீரியாவால் வரும் கண் நோய்க்குத் தரப்படும் களிம்பு ஒன்றில் மூன்று ஆன்டிபயாட்டிக் மருந்துகள் சேர்ந்துள்ளன. அவை பாசிட்ராசின், பாலிமிக்சின்-பி, நியோமைசின். மூன்றுமே 1940களில் கண்டுபிடிக்கப்பட்டவை. பாசிட்ராசின் பாக்டீரியாவைத் தன் செல் சுவரைக் கட்ட விடாது. பாலிமிக்சின் செல்லைச் சுற்றியுள்ள சவ்வைச் சிதைக்கும். நியோமைசின் உள்ளே புகுந்து, புரதம் தயாராகும் ரிபோசோமின் வேலையைக் குழப்பும். ஒன்றுக்கு அடங்காத பாக்டீரியா மற்றொன்றுக்கு அடங்கும். நோய்க்குக் காரணம் எந்த பாக்டீரியா என்று சோதனைச் சாலை சொல்லும்வரை காத்திராமல் டாக்டர் சிகிச்சையைத் தொடங்க இது உதவுகிறது.

"மூன்று மருந்து இருக்கிறதே, எந்தக் கண்வலிக்கும் போடலாமே!" என்று தோன்றும். தவறு இங்கேதான் நேர்கிறது. 'மெட்ராஸ் ஐ' எனப்படும் கண்வலி பெரும்பாலும் அடினோ வைரஸால் வருவது. அந்த வைரஸுக்குச் செல் சுவர் இல்லை, சவ்வு இல்லை, ரிபோசோமும் இல்லை. இல்லாத கோட்டையை இடிக்க மூன்று படைகளை அனுப்பி என்ன பயன்? நோயாளியின் கண்ணில் பட்ட ட்யூபின் முனை அடுத்தவருக்கு நோயைக் கொண்டு சேர்க்கும். அது ஒன்றுதான் மிச்சம்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இதே மருந்துகளுடன் டெக்சாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த களிம்புகளும் விற்கப்படுகின்றன. பார்வைக்கு எல்லா ட்யூபும் ஒன்றுபோல் இருக்கும். ஸ்டீராய்டு பட்டதும் சிவப்பு குறையும். நோய் தீர்ந்ததாக நாம் எண்ணுவோம். அறுவடையின்போது நெல் தாள் கீறிய கண்ணில் பூஞ்சைப் புண் வந்திருந்தால், அந்த நேரத்தில் புண் உள்ளே ஆழமாகும். கருவிழியில் தழும்பு விழுந்து பார்வையே போகலாம். டாக்டரைக் கேளாமல் பல வாரம் போட்டுவந்தால் கண்ணின் உள் அழுத்தம் உயர்ந்து பார்வை நரம்பும் கெடலாம்.

டாக்டர் களிம்பு எழுதித் தந்தால் எப்படிப் போடுவது? சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கீழ் இமையை மெல்ல இழுத்து, அந்தப் பள்ளத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவு பிதுக்குங்கள். ட்யூபின் முனை கண்ணிலோ இமையிலோ விரலிலோ படக்கூடாது. சொட்டு மருந்தும் உண்டென்றால் முதலில் சொட்டு, பத்து நிமிடம் கழித்துக் களிம்பு. களிம்புப் படலம் ஒளியைச் சீராக விலகச் செய்யாததால் சிறிது நேரம் பார்வை மங்கும்; அதுவரை சைக்கிள் ஓட்டாதீர்கள். அரிப்பும் இமை வீக்கமும் கூடினால் நியோமைசின் ஒவ்வாமையாக இருக்கலாம். நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். மற்றபடி, கண் தெளிந்ததும் நீங்களாக நிறுத்தாமல் சொன்ன நாள்வரை போடுங்கள். அரைகுறையாகப் போட்டால், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பிழைத்துப் பெருக இடம் கொடுத்தவர்களாவோம். தோலுக்கான களிம்பைக் கண்ணில் போடவே கூடாது.

"சிவந்த கண்ணுக்கெல்லாம் டாக்டரா? ஒரு நாள் கூலி போகுமே" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. ஆனால் ட்யூபைத் திறந்து ஒரு மாதமாகிவிட்டால் அந்த மருந்தை நம்ப முடியாது. அரசு மருத்துவமனையில் கண்ணைக் காட்டக் கட்டணமில்லை. வலி, வெளிச்சத்தில் கூச்சம், பார்வை மங்கல், கண்ணில் அடி ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் அன்றே போக வேண்டும்.

மாணவர்களே, ட்யூபின் மேலுள்ள பொடி எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் பல வீடுகளில் நீங்கள்தாம். இன்று மாலையே உங்கள் வீட்டு அலமாரியைப் பாருங்கள். மீந்த கண் களிம்பு இருந்தால் பெரியவர்களிடம் காரணத்தைச் சொல்லி அப்புறப்படுத்துங்கள். ஒரு ட்யூப் ஒருவருக்கு, ஒரு நோய்க்கு மட்டுமே.