லண்டன் வீட்டுக்கு டிவி லைசன்ஸ் மிரட்டல் கடிதமா? பதறுமுன் இதைப் படிங்க

ஐரோலி மைண்ட்ஸ்பேஸ் ஆபீஸிலிருந்து ஆன்சைட்டுக்கு லண்டன் போறீங்களா? வாடகை வீட்டில் குடியேறிய கொஞ்ச நாளில், உங்க பெயர்கூட இல்லாமல், 'இங்கே குடியிருப்பவருக்கு' என்று ஒரு கடிதம் வரலாம். சிவப்பு எழுத்து, விசாரணை, நீதிமன்றம் என்று மிரட்டும். விசாவுக்கே ஆபத்தோ என்று பதறாதீங்க. அந்த முகவரியில் லைசன்ஸ் பதிவாகவில்லை, அவ்வளவுதான். கடிதம் வந்ததாலேயே வழக்கு ஆகிவிடாது.

இந்தியாவில் 1980களிலேயே இந்தக் கட்டணம் போய்விட்டதால் நமக்கு இது புதுசு. பிரிட்டனில் எந்தச் சேனலை நேரலையில் பார்த்தாலும், பிபிசி ஐபிளேயர் பார்த்தாலும் லைசன்ஸ் கட்டாயம். நெட்ஃபிளிக்ஸில் படம் மட்டும்தான் என்றால் வேண்டாம். நம்மாட்கள் சறுக்குவது இங்கேதான்: லேப்டாப்பில் சன் டிவியையோ ஐபிஎல்லையோ லைவாகப் பார்த்தாலும் கணக்குதான். 'வீட்டில் டிவியே இல்லையே' என்பது எடுபடாது. 2025 ஏப்ரலில் ஆண்டுக் கட்டணம் 174.50 பவுண்ட் ஆனது; அபராதமோ 1,000 பவுண்ட் வரை போகும்.

லைசன்ஸ் தேவையில்லை என்றால் ஆன்லைனில் இலவசமாகத் தெரிவிக்கலாம். ஆள் வந்து கதவைத் தட்டினாலும், நீதிமன்ற வாரன்ட் இல்லாமல் உள்ளே விட வேண்டிய கட்டாயமில்லை, மரியாதையாகவே மறுக்கலாம். இதே பெயரில் போலி மெயில்களும் சுற்றுகின்றன. அதிலுள்ள லிங்க்கைத் தொடாமல், இணையதள முகவரியை நீங்களே டைப் செய்து பாருங்க.