நீகான் எங்கே?

கலத்திலேறித் தொழில் செய்வோரைப் பொதுவாக மாலுமி என்று எழுதுவது பெருவழக்கு. மாலுமி தமிழன்று, கற்பிப்போன் எனப் பொருள்படும் முஅல்லிம் என்னும் அரபுச் சொல்லின் திரிபு. அயற்சொல் புகுந்ததினும் கொடிது, பல வினைகளை அஃது ஒன்றாகக் குழப்பியது.

16-ஆம் நூற்றாண்டின் இறுதியில், அக்பர் அவையினரான அபுல் பசல் இயற்றிய அயினி அக்பரி, பெருங்கலத்து வினைஞரைப் 12 வகையாகப் பகுக்கிறது. கடலாழமும் விண்மீனும் அறிந்து வழி வகுப்போனே முஅல்லிம். சுக்கான் பிடிப்போன் வேறு; பாய்மர உச்சியிலிருந்து கரையும் புயலும் கண்டுரைப்போன் வேறு; ஊறும் நீரை இறைப்போன் வேறு. கலத்தொழிலாளர் தலைவன் தண்டேல்.

வழி வகுப்போனுக்குத் தமிழில் பெயரில்லையா? அகநானூற்று 255-ஆம் பாட்டில் நீகான் நிற்கிறான். மாடத்து எரியும் ஒளிகண்டு துறையறிந்து வங்கத்தைச் செலுத்துகிறான். மீகாமன் என்பதும் அவன் பெயரே. தூத்துக்குடித் தோணித் தலைவனோ இன்றும் தண்டல் எனப்படுகிறான். ஏட்டிலும் துறையிலும் சொல் உண்டு.

தோணியில் பாயின் இடத்தைப் பொறி கைக்கொண்டுவிட்டது. பாயிழுத்த முதியோர் மறையுமுன், ஒவ்வொரு வினைக்கும் அவர் வழங்கிய சொல்லைத் தொகுத்தல் தமிழ்ப் புலவர் கடன். வினைப்பெயரை இழந்த மக்கள், அவ்வினையையே அறியாதவராக எண்ணப்படுவர். பொத்தகம் எழுதுவோர் நீகானை மீண்டும் கலத்தில் ஏற்றுக!