தருமபுரி யானைச் சாவுகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்

2023 மார்ச் 7. பாலக்கோடு வட்டம் மாரண்டஅள்ளியை அடுத்த காளிகவுண்டன் கொட்டாயில் மூன்று பெண் யானைகள் விளைநிலத்தில் செத்துக் கிடந்தன. நிலத்தைச் சுற்றி இழுத்துக் கட்டிய கம்பியில் திருட்டுத்தனமாக மின்சாரம் விடப்பட்டிருந்தது. கூட வந்த இரண்டு குட்டிகள் உயிர் தப்பின. தாய்களின் உடலை விட்டு அவை நகரவில்லை.

பதினோரு நாள் கழிந்தது. மார்ச் 18. கம்பைநல்லூரை அடுத்த கெலவள்ளி. வனத்துறையினர் பின்தொடர்ந்துகொண்டிருக்கும்போதே ஓர் ஆண் யானை ஏரிக்கரை மேட்டில் ஏறியது. தாழ்வாகச் சென்ற உயர் மின்னழுத்தக் கம்பி அதன் மேல் பட்டது. அங்கேயே சரிந்து செத்தது. அந்தக் காட்சியைத் தமிழ்நாடே கைப்பேசியில் பார்த்தது.

ஒரே மாவட்டம். ஒரே மாதம். நான்கு யானைகள். நான்கையும் கொன்றது மின்சாரம்.

வேலி போட்ட விவசாயி கைது செய்யப்பட்டார். குற்றம் செய்தவர் சட்டத்துக்குப் பதில் சொல்லட்டும். ஆனால் கைது செய்துவிட்டதால் அரசின் பொறுப்பு தீர்ந்துவிடாது. அந்த யானைக்கூட்டம் பாலக்கோடு வனச்சரகத்தில் நடமாடியது வனத்துறைக்குத் தெரியும். விவசாய இணைப்புகள் எங்கெங்கே இருக்கின்றன என்பது மின்வாரியத்துக்குத் தெரியும். யானை வரும் வழியும் மின்சாரம் போகும் வழியும் எந்த நிலத்தில் சந்திக்கும் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டியவர்கள் இந்த இரு துறையினர்தான். அவர்கள் பார்க்கவில்லை. யானைகள் செத்தன.

இது ஏதோ எதிர்பாராத விபத்து என்று எவரும் சொல்ல வேண்டாம். 2024இல் ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் தந்த கணக்கு இருக்கிறது. ஐந்தாண்டுகளில் இயற்கைக்கு மாறாக இறந்த யானைகள் 528. அவற்றில் மின்சாரம் தாக்கி இறந்தவை 392. வேட்டைக்காரர்கள் கொன்றவை 50. தந்தத் திருடனைவிட ஏழு மடங்குக்கு மேல் யானைகளை மின்கம்பி கொல்கிறது. துப்பாக்கியைத் தேடிக் காட்டுக்குள் போகும் ரோந்து, கம்பியைத் தேடிக் காட்டோரத்துக்கு ஏன் வருவதில்லை?

வேலியில் இரண்டு வகை உண்டு. முறையான சோலார் வேலியில் மின்சாரம் தொடர்ந்து ஓடாது. ஏறத்தாழ நொடிக்கு ஒரு முறை, கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக, ஒரு துடிப்பு வரும். தொட்ட விலங்கு சுருக்கென்று அதிர்ந்து பின்வாங்கும், உயிர் போகாது. திருட்டு வேலியில் துடிப்பு இல்லை, இடைவெளி இல்லை. மோட்டார் கொட்டகையிலிருந்தோ மேலே போகும் கம்பியில் கொக்கி போட்டோ இழுத்த மின்சாரம் நிற்காமல் பாய்கிறது. யானையின் துதிக்கை நுனி எப்போதும் ஈரமாக இருக்கும். எதையும் அது முதலில் துதிக்கையால்தான் தொட்டுப் பார்க்கும். விழுந்து கிடக்கும் துணையையும் அப்படியே தொட்டுத் தூக்கப் பார்க்கும். ஒன்று விழுந்த இடத்தில் மூன்று விழக் காரணம் இருக்கிறது. பன்றிக்கு வைத்த கம்பி என்பதெல்லாம் இங்கே செல்லாது. அதே கம்பியில் இரவில் வயலுக்குப் போகும் மனிதர்களும் சிக்கிச் சாகிறார்கள்.

செத்த மூன்றும் பெண் யானைகள் என்பதை அதிகாரிகள் இன்னொரு முறை படிக்கட்டும். யானை கருவைச் சுமப்பது ஏறத்தாழ 22 மாதம். ஈனுவது ஒரே கன்று. அடுத்த கன்றுக்கு நான்கைந்து ஆண்டுகள் ஆகும். கன்று இரண்டு மூன்று வயது வரை தாய்ப்பால் குடிக்கும். எந்தக் கோடையில் எந்த ஓடையில் தண்ணீர் நிற்கும், எந்த வழி பத்திரம் என்பதெல்லாம் வயதான பெண் யானைகளின் நினைவில்தான் இருக்கிறது. அவற்றைக் கொன்றால் கூட்டமே வழி தெரியாமல் நிற்கும். மனிதக் கை அந்தத் தாய்க்கு ஈடாகாது. அதே மார்ச்சில், அதே மாவட்டத்தில், பென்னாகரம் பகுதியில் வேறொரு கூட்டத்தைப் பிரிந்த நான்கு மாதக் குட்டி கிணற்றில் விழுந்தது. மீட்டார்கள். தெப்பக்காடு யானை முகாமுக்குக் கொண்டுபோய் அனுபவம் மிக்கவர்கள் கண்ணும் கருத்துமாகப் பார்த்தார்கள். கொடுத்த பால் ஒத்துக்கொள்ளவில்லை. மாதம் முடிவதற்குள் குட்டி இறந்தது.

உலகின் மறுகோடியில் பனிக்கரடியும் இப்படித்தான் மெதுவாகப் பெருகுகிறது. நாலைந்து வயதில்தான் கருத்தரிக்கத் தொடங்கும். பெரும்பாலும் இரண்டு குட்டிகள். பனிக்குள் தோண்டிய வளையில் ஈன்று, மாதக்கணக்கில் தான் ஒன்றும் தின்னாமல், உடம்பிலுள்ள கொழுப்பைக் கரைத்துப் பாலூட்டும். இரண்டரை ஆண்டு குட்டிகளைக் கூடவே வைத்துக்கொள்ளும். மூன்று ஆண்டுக்கு ஒரு முறைதான் ஈற்று. வேட்டைக்கு இந்த விலங்கு தாங்காது என்று தெரிந்ததும் 1973இல் கனடா, டென்மார்க், நார்வே, அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகிய ஐந்து நாடுகள் ஆஸ்லோவில் ஒப்பந்தம் செய்தன. ஒன்றன்மீது ஒன்று அணுகுண்டைக் குறிவைத்திருந்த இரு வல்லரசுகள் ஒரு கரடிக்காக ஒரே தாளில் கையெழுத்திட்டன. இங்கே வனத்துறையும் மின்வாரியமும் ஒரே அரசின் கீழ் இயங்குகின்றன. யானை செத்த பிறகு கூட்டாய்வுக்கு வருகிறார்கள். சாவதற்கு முன் வருவதுதான் அவர்கள் கடமை.

சட்டம் இல்லை என்ற சாக்குக்கும் இடமில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் யானை இருக்கிறது. மின்திருட்டைத் தண்டிக்க 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் இருக்கிறது. மாரண்டஅள்ளிச் சாவுகள் நடந்த அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மின்வேலிகளுக்கென்றே பதிவு, ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. காட்டை ஒட்டி மின்வேலி போட அனுமதி வேண்டும். ஏற்கெனவே போட்டதைப் பதிவு செய்ய வேண்டும். தரம் சரியாக இருக்க வேண்டும். விதி தெளிவாக இருக்கிறது. வயலில் இறங்கி அதை நடத்திக் காட்ட வேண்டியவர்கள் அதிகாரிகள். 2022இல் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள். நல்ல அறிவிப்பு. சரணாலயத்தின் எல்லைக்கோடு யானையின் காலடியில் தெரியாது.

பயிரை இழப்பவரின் கோபத்துக்கும் இதே அரசுதான் பதில் சொல்ல வேண்டும். ஒரு போகம் ராகி ஒரே இரவில் போனால் அந்தக் குடும்பம் அந்த ஆண்டை எப்படி ஓட்டும்? இழப்பீடு காலத்தில் கிடைக்க வேண்டும். கேட்டு அலையவிடுவது, திருட்டுக் கம்பிக்கு ஆள் சேர்ப்பதாகும்.

மாவட்ட ஆட்சியருக்கும், மாவட்ட வன அலுவலருக்கும், மின்வாரிய மேற்பார்வைப் பொறியாளருக்கும் சொல்கிறோம். பாலக்கோடு, பென்னாகரம் வட்டங்களில் காட்டை ஒட்டிய ஒவ்வொரு விவசாய இணைப்பையும் இரு துறையும் சேர்ந்து நேரில் பாருங்கள். பதிவான மின்வேலிகள் எத்தனை, பதிவில்லாமல் பிடிபட்டவை எத்தனை என்று ஊர்வாரியாக வெளியிடுங்கள். ஏரிக்கரையிலும் யானை வழியிலும் தொங்கும் கம்பிகளை உயர்த்துங்கள். எந்தக் கம்பி எந்தத் தேதியில் உயர்த்தப்பட்டது என்பதையும் சொல்லுங்கள். இனி ஒரு யானை மின்சாரத்தில் செத்தால், அந்தப் பகுதியின் வனச்சரகர் பெயரும் உதவிப் பொறியாளர் பெயரும் விசாரணை அறிக்கையின் முதல் பக்கத்தில் வர வேண்டும்.

ராகி முற்றும் பருவத்தில் கர்நாடகக் காடுகளிலிருந்து யானைக்கூட்டங்கள் ஓசூர் வழியாக இந்தப் பக்கம் இறங்கும். ஆண்டுதோறும் இறங்குகின்றன. அதற்கு முன்னால் இந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.