மூணு தங்கம் வாங்கிய பெண்... பேரு தெரியுமா?

2024-ம் வருடத்தை விளையாட்டுப் பிரியர்கள் லேசில் மறக்க மாட்டார்கள். ஜூன் 29-ந் தேதி பார்படாசில் தென் ஆப்பிரிக்காவை 7 ரன் வித்தியாசத்தில் சாய்த்து, 20 ஓவர் உலகக் கோப்பையை இந்தியா தூக்கியது. டிசம்பர் 12-ந் தேதி சிங்கப்பூரில் சென்னைப் பையன் குகேஷ், சீனாவின் டிங் லிரெனை மடக்கி உலக செஸ் சாம்பியன் ஆனார். வயது 18! திருவதிகை டீக்கடை பெஞ்சில் கேட்டால்கூட இதையெல்லாம் தேதியோடு ஒப்பிப்பார்கள்.

அதே நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பை?

"அப்படி ஒண்ணு நடந்துச்சா?" என்பார்கள்.

நடந்தது. வடசென்னை ஆட்டோ டிரைவர் மகள் காசிமா, 17 வயது. ஒற்றையர், இரட்டையர், குழு... மூன்றிலும் தங்கம்! ஆட்டம் சொல்லிக் கொடுத்தது அப்பாதான். முப்புரம் எரித்த ஊர்க்காரர்கள் நாம்; மூன்றின் அருமை நமக்குத் தெரிய வேண்டாமா?

இத்தனைக்கும் நம்ம பக்கம் செஸ்ஸைவிட கேரம்தான் ஜாஸ்தி. பொழுது சாய்ந்தால் போர்டு, பல்பு, பவுடர். சுற்றி நிற்பதெல்லாம் ஆம்பளைப் பசங்க. பெண் பிள்ளை எட்டிப் பார்த்தால், "உனக்கென்னம்மா இங்க வேலை?" என்று விரட்டுகிறோம். கெடிலக் கரையில் ஒரு காசிமா இருந்தால், அவள் எங்கே போய் ஆடுவாள்?

ஸ்டேடியமா கேட்கிறோம்? ஒரு அறை, ஒரு போர்டு, ஒரு விளக்கு. பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு மணி நேரம் பெண் பிள்ளைகளுக்கென்று பண்ருட்டி நகராட்சி ஒதுக்கட்டும். ஸ்டிரைக்கர் நான் வாங்கித் தருகிறேன்!