நம்மை அறிந்த ஒரு மருத்துவர்



உங்கள் இல்லத்தில் மாத்திரைகள் போட்டு வைத்திருக்கும் டப்பாவைச் சற்றுத் திறந்து பாருங்கள். அதில் எத்தனை மருத்துவர்களின் சீட்டுகள் இருக்கின்றன? அந்த மருத்துவர்களுள் எவரேனும் ஒருவருக்கு, மற்றவர் எழுதிக் கொடுத்தது என்னவென்று தெரியுமா?

இந்தக் கேள்வியை நான் கேட்பதற்குக் காரணம் உண்டு.

பழனி மலையின் பண்ணைக்காட்டில் என் பெரியம்மா வாழ்கிறார். வயது அறுபத்தைந்து. நீரிழிவு நோய் பதினைந்து ஆண்டுகளாக உடனிருக்கிறது. அதற்கென மலையிறங்கி ஓர் ஊரில் ஒரு மருத்துவரைப் பார்த்து வந்தார். பிறகு முழங்கால் வலி வந்தது. வேறோர் ஊரில் வேறொரு மருத்துவரிடம் சென்றார். அவர் இரத்தத்தைச் சோதித்தார். சர்க்கரை கூடுதலாக இருப்பதைக் கண்டார். வலி மாத்திரையோடு சர்க்கரைக்கும் ஒரு மாத்திரை எழுதினார். பெரியம்மா இரண்டு சீட்டுகளையும் மதித்தார். இருவர் கொடுத்ததையும் தவறாமல் உண்டார்.

ரமலான் பிறந்தது. பத்தாம் நோன்பன்று அஸருக்குப் பின், கஞ்சிக்கு அரிசி களைந்து கொண்டிருந்தவர் வியர்த்து, நடுங்கி, பேச்சுக் குழறி, அடுப்பருகே சாய்ந்துவிட்டார். அண்ணன் அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வளைவு வளைவாக மலைப்பாதையில் விரைந்தார். மருத்துவமனையில் நரம்பு வழியாகச் சர்க்கரை நீர் ஏற்றிய பிறகே கண் திறந்தார். அல்ஹம்துலில்லாஹ்! அந்தப் பயணம் இன்னும் அரைமணி நேரம் நீண்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று எண்ணினால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

அங்கிருந்த மருத்துவர் மாத்திரை டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தார். இரண்டு அட்டைகளை எடுத்து அருகருகே வைத்தார். கம்பெனிப் பெயர்கள் வேறு. உள்ளிருந்த மருந்து ஒன்றே!

"இதை அவர்களிடம் சொல்லியிருக்கக் கூடாதா பெரியம்மா?" என்று பின்னர் நான் கேட்டேன்.

"அவர் கேட்கவில்லையே தம்பி. கேட்காததை நான் எப்படிச் சொல்வது?" என்றார். நோன்பு வைப்பதைப் பற்றியும் இருவரிடமும் பேச்சே எழவில்லை.

அந்த இரு மருத்துவர்களும் தத்தம் அளவில் சரியான மருந்தையே எழுதினார்கள். ஆனால் இருவருக்கும் பெரியம்மாவைத் தெரியாது. குறை அங்கேதான் இருந்தது.

*அறிந்தவர் என்றால் என்ன?*

முன்பெல்லாம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வைத்தியர் இருந்தார். அத்தாவுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, மூத்த மகளின் முதல் பிரசவம் எப்படி நிகழ்ந்தது என்பதெல்லாம் அவர் நினைவில் இருந்தது. இன்று இதயத்துக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர், தோலுக்கு ஒருவர் என நிபுணர்கள் பெருகியிருக்கிறார்கள். அவர்கள் தேவையானவர்களே. ஆயினும் அத்தனை உறுப்புகளும் சேர்ந்த முழு மனிதரை அறிந்தவர் யார்?

வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரின் மதிப்பு, நோய் வராத நாட்களிலேயே தொடங்குகிறது. உங்கள் வழக்கமான இரத்த அழுத்தம் அவருக்குத் தெரியும்; ஆகவே மாறுதல் உடனே புலப்படும். உங்கள் தாயாருக்குச் சர்க்கரை இருந்தது தெரியும். ஆகவே முன்கூட்டியே சோதிப்பார். எப்போது நிபுணரிடம் அனுப்ப வேண்டும், எப்போது வீண் செலவு வேண்டாம் என்று தடுக்க வேண்டும் என்பதையும் அறிவார். நிபுணர்கள் எழுதும் சீட்டுகள் அனைத்தையும் ஒருசேரப் பார்த்து, "இது போதும், அது வேண்டாம்" என்று சொல்லும் இடம் அவருடையதுதான்.

இது வெறும் நம்பிக்கையன்று. நார்வே நாட்டில் 45 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2021-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஒரே குடும்ப மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தவர்களையும், ஓராண்டு மட்டுமே தொடர்ந்தவர்களையும் அது ஒப்பிட்டது. நெடுநாள் தொடர்ந்தவர்களுக்கு அவசரமாக மருத்துவமனையில் சேரும் வாய்ப்பும், மரணம் நேரும் வாய்ப்பும் நூற்றுக்கு ஏறத்தாழ 25 முதல் 28 வரை குறைந்திருந்தன. 2018-இல் ஒன்பது நாடுகளின் 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 18 ஆய்வுகள் தொடர்ந்த மருத்துவ உறவு உள்ள இடத்தில் மரணம் குறைவு என்றே கூறின. இவை கண்டறிந்த தொடர்புகளே. இதுவே முழுக் காரணம் என்று அறுதியிட முடியாது. எனினும் அலட்சியம் செய்யத்தக்க செய்தியன்று.

*மலைநாட்டின் தேவை*

நகரத்தாரைவிட மலைவாழ் மக்களுக்கே இந்த உறவு மிகவும் தேவை. பூம்பாறையிலோ மன்னவனூரிலோ நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் பாதையும் பனிமூட்டமும் நமக்காக விலகி நிற்பதில்லை. அருகிலேயே இருந்து, நோயை முளையிலேயே காண்பவர் வேண்டும்.

இதை உணர்ந்தே, 1946-இல் போர் குழு ஊர்தோறும் மக்களுக்கு எட்டும் ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பரிந்துரைத்தது. சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு நிலையம் என்றால், மலைப் பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்பது அரசின் அளவுகோல். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது.

பழனி மலையடிவாரத்து ஒட்டன்சத்திரத்தில் 1955-இல் மருத்துவர் ஏ.கே. தாரியன் ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். கீழ்ப்பழனி மலையின் கே.சி. பட்டியில் மருத்துவர் ராஜ்குமார் இராமசாமி குடும்ப மருத்துவராகப் பணியாற்றினார். நாட்பட்ட நோய்களைக் கிராமத்திலேயே எவ்வாறு பேணுவது என்று சக மருத்துவர்களுக்காக எழுதியும் வந்தார். நகரத்தின் வசதிகளை விட்டு மலையூரில் தங்கிய இத்தகையோர், மருத்துவம் என்பது நெடுநாள் உடனிருத்தலும்தான் என்று காட்டினார்கள்.

*நோன்பும் மருந்தும்*

நம் சமுதாயத்துக்கு இதில் தனிக் கவனம் தேவை. 13 நாடுகளில் நீரிழிவுள்ள முஸ்லிம்களிடம் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவுள்ளோருக்கு ரமலானில் கடுமையான சர்க்கரைத் தாழ்வு ஏற்படுவது ஏழரை மடங்கு உயர்ந்தது தெரிய வந்தது. கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் நாம் உண்டோமா, பட்டினி கிடக்கிறோமா என்று பார்ப்பதில்லை. இன்சுலினைச் சுரக்கச் செய்துகொண்டே இருக்கும்.

ஆகவே ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் காண வேண்டும் என்கின்றனர் வல்லுநர்கள். எந்த மாத்திரையை மாற்றுவது, ஸஹரில் எவ்வளவு, நோன்பு திறந்த பின் எவ்வளவு என்பதை அவரே வகுத்துத் தருவார். நோன்பிருக்கும்போது சர்க்கரை 70-க்குக் கீழ் இறங்கினால் உடனே நோன்பைத் திறந்துவிட வேண்டும். நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்கும் சலுகையை மார்க்கமே வழங்கியிருக்கிறது. அச்சலுகை நமக்கு உரியதா என்பதை அறியவும், நம்மை அறிந்த மருத்துவரின் சொல் உதவும்.

*நாம் செய்ய வேண்டியவை*

உங்கள் ஊருக்கு அருகில், பொறுமையாகக் கேட்கும் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். பெண்களுக்குக் கூச்சமின்றிப் பேசப் பெண் மருத்துவர் வேண்டுமெனில் அவ்வாறே தேடுங்கள். அரசு நிலையமாயினும் சரி, தனியாராயினும் சரி, அடிக்கடி மாற்றாதீர்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். நோய், மருந்து, ஒவ்வாமை, சோதனை முடிவு அனைத்தையும் தேதியோடு குறியுங்கள். அரசு மருத்துவர் மாற்றலாகிப் போகலாம், நோட்டு மாற்றலாகாது. எந்த மருத்துவரிடம் சென்றாலும் மாத்திரை டப்பாவையே எடுத்துச் செல்லுங்கள். நாட்டு மருந்து உண்டால் அதையும் மறைக்காதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்!

வழக்கமான மருத்துவரும் மனிதரே, தவறுவார். ஐயம் எழுந்தால் இன்னொருவரின் கருத்தைக் கேட்பது துரோகமாகாது. கேட்டதை அவரிடமே மறைக்காமல் சொல்வதுதான் முறை.

பெரியம்மா இப்போது ஒரே மருத்துவரிடம் செல்கிறார். சென்ற ஆண்டு ஷஅபான் தொடக்கத்திலேயே போயிருந்தார். அந்த அம்மையார் நோட்டைப் புரட்டிவிட்டு, "இந்த ஆண்டு உங்கள் சிறுநீரகம் களைத்திருக்கிறது, நோன்பு வேண்டாம்மா" என்றாராம். பெரியம்மா அழுதார், ஆனால் ஏற்றுக்கொண்டார். ரமலான் முழுதும் தெருவுக்கே கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்.

அந்தச் சொல்லை அறிமுகமில்லாத ஒருவர் சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பாரா? நிச்சயம் கேட்டிருக்கமாட்டார்.