இரும்புக் கலப்பையும் இலக்கியச் சஞ்சிகையும்

கைத்தொழிலதிபர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவோர், அவர் ஈட்டிய பொருளை எண்ணிக் காட்டுவதோடு அமைந்துவிடுவது வழக்கம். மராட்டிய நாட்டின் இலட்சுமணராவ் கிர்லோஸ்கரை அவ்வாறு அளப்பது அவருக்கு நீதி செய்வதாகாது.

1869 இல் பிறந்த இலட்சுமணராவ் ஓவியராக வேண்டுமென்றே பம்பாய்க்குச் சென்றார். ஜே. ஜே. ஓவியக் கலாசாலையிற் பயிலுங்கால், அவருடைய கண்கள் நிறங்களைச் செவ்வனே பிரித்தறியமாட்டா என்பது தெரியவந்தது. வண்ணத்தை விட்டு இயந்திர வரைபடம் பயின்றார். விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியருமானார். உரிய பதவியுயர்வு ஆங்கிலோ இந்தியர் ஒருவருக்குப் போகவே, வேலையைத் துறந்தார். நம்மிற் பலர் அந்நிலையில் மேலிடத்துக்கு விண்ணப்பம் வரைந்துகொண்டிருந்திருப்போம். அவரோ பெல்காமிலே சகோதரருடன் நடத்திய துவிச்சக்கரவண்டிக் கடையைத் தம் முழுத் தொழிலாக்கினார்.

கால்நடைத் தீனி நறுக்கும் பொறியை அடுத்து அவர் இரும்புக் கலப்பை செய்தார். வாங்குவாரில்லை. இரும்பு பட்டால் நிலம் நஞ்சாகும் என்று உழவர் நம்பினர். முதற் கலப்பை விலைபோக இரண்டாண்டுகள் சென்றன. இதனைச் சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உழவரின் மூடநம்பிக்கையை நகையாடிவிட்டு அப்பாற் செல்வர். எமக்கு அது உடன்பாடன்று. ஒரு போகம் பொய்த்தாற் கடனில் மூழ்கும் குடியானவன், முன்பின் அறியாத கருவியை ஐயுறுவதில் வியப்பென்ன? புதிய கலப்பை தோற்றால் இழப்பு அவனுடையதேயன்றிப் பட்டறைக்காரருடையது மட்டுமன்று. அந்த ஐயத்தைத் தீர்க்கும் பொறுப்பு செய்தவரைச் சார்ந்தது. இலட்சுமணராவ் கலப்பையைக் கைவிடாது நின்று, உழவரை இணங்கவைத்தார். பிற்காலத்து ஆலைகளெல்லாம் அவ்விரண்டாண்டுப் பொறுமையின்மேல் எழுந்தவை என்றே கொள்ளவேண்டும்.

பெல்காம் நகராட்சி அவருடைய பட்டறை நிலத்தை எடுத்துக்கொண்டபோது கைகொடுத்தவர் ஔந்து சமஸ்தானத்து அரசர் பவான்ராவ். அவர் தாமும் ஓவியர் என்பது சுவையான ஒற்றுமை. கள்ளி அடர்ந்த அந்தத் தரிசில் 1910 இற் கிர்லோஸ்கர்வாடி உருவாயிற்று. தொழிலாளர் குடியிருப்போடு கூடிய அவ்வூரில் தீண்டாமைக்கு இடமில்லை என்பது அவர் வகுத்த ஒழுங்கு. சிறை சென்று மீண்டவர்களையும் அங்கே காவலுக்கு அமர்த்தினார். ஏட்டிலே சீர்திருத்தம் பேசுவது எளிது. இரவிற் சாவியை ஒப்படைப்பது அவ்வளவு எளிதன்று.

இலக்கிய வட்டத்தார் அறியவேண்டியது இன்னொன்றுண்டு. அவ்வூரிலிருந்து 1920 இல் ஒரு செய்தி ஏடு வெளிவரலாயிற்று. அதன் பத்திராதிபர் இலட்சுமணராவின் சகோதரர் மகன் சங்கரராவ். ஆலையின் செய்திகளைச் சொல்ல எழுந்த அவ்வேடு, ‘கிர்லோஸ்கர்’ என்னும் பெயருடன் மராத்தியின் முதன்மையான சஞ்சிகைகளுள் ஒன்றாய் வளர்ந்தது. 1930 இல் மகளிருக்கென ‘ஸ்திரீ’யும், பின்னர் ‘மனோகர்’ என்பதும் தோன்றின. மூடவழக்கங்களையும் மகளிர் நிலையையும் பற்றி அவை நிகழ்த்திய விவாதங்கள் நடுத்தரக் குடும்பங்களின் உள்ளறை வரை சென்றன. ஆலைக்காரருக்கு எழுத்தெதற்கு என்பாரும், எழுத்தாளருக்கு ஆலையெதற்கு என்பாரும் நம்மிடையே இருக்கின்றனர். இரு சாராரும் கிர்லோஸ்கர்வாடியின் அச்சகத்துக்கு ஒருமுறை மனத்தாலேனும் சென்றுவரலாம்.

1956 இல் இலட்சுமணராவ் மறைந்தார். அவரைப் பற்றிய குறிப்புகள் பலவற்றில் கலப்பைக்குப் பல பத்திகள் உண்டு. சஞ்சிகைகளுக்கோ ஒரு வரிதான்.