கறுத்த குவிமாடத்தின் நியாயம்

டப்ளினில் லிஃபி ஆற்றங்கரையில் நிற்கும் சுங்க மாளிகையை எதிர்க்கரையிலிருந்து பார்த்தால் ஒரு முரண் தெரியும். நெடிய முகப்பு வெளிர் நிறம். குவிமாடப் பகுதி மட்டும் கருஞ்சாம்பல். அந்த நிறபேதத்தை மறைக்காமல் விட்டதே அக்கட்டடத்தின் பெருமை.

1781-இல் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் காண்டன் வேலையைத் தொடங்கியபோதே எதிர்ப்பு கிளம்பியது. சுங்க மாளிகை கிழக்கே நகர்ந்தால் பழைய வணிகப் பகுதியின் மதிப்பு சரியும் என்று வணிகர்கள் கொதித்தார்கள். வருவாய்த் துறையை ஆட்டிவைத்த ஜான் பெரெஸ்ஃபோர்டு அசையவில்லை. சதுப்பு நிலத்தில் மரச்சட்டங்களைப் பரப்பி, அவற்றின்மேல் அடித்தளம் எழுப்பினார் காண்டன். 1791-இல் மாளிகை திறக்கப்பட்டது. தூண்களும் முக்கோண முகடும் ரோமானிய மரபு. வளைவுகளின் உச்சிக்கற்களில் எட்வர்டு ஸ்மித் செதுக்கிய முகங்களோ பெரும்பாலும் அயர்லாந்தின் ஆறுகள். அவற்றில் லிஃபி மட்டுமே பெண்.

பின்னாளில் சுங்கப் பணி சுருங்க, உள்ளாட்சி நிர்வாகம் அங்கே குடியேறியது. உள்ளாட்சி, வரிக் கோப்புகள் குவிந்த அந்த இடம் பிரிட்டிஷ் ஆட்சியின் நரம்பு மையமாக இருந்ததால்தான் விடுதலைப் போரின்போது, 1921 மே 25 அன்று, ஐரியக் குடியரசுப் படையினர் அதற்குத் தீவைத்தனர். அப்படையினர் ஐவர் இறந்தனர், பொதுமக்களும் பலியாயினர், 80-க்கும் மேற்பட்டோர் பிடிபட்டனர். தாக்கியவர்களுக்கு இழப்பு பெரிது. ஆனால் கோப்புகளை இழந்த நிர்வாகம் முடங்கியது. ஜூலை 11 அன்று போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது.

எரித்தவர்களின் தோழர்களே ஆட்சிக்கு வந்தபின், அந்நியச் சின்னம் என்று அதை இடித்துத் தள்ளியிருக்கலாம். அவர்கள் மீட்டெடுத்தார்கள்; 1928-இல் பணி முடிந்தது. காண்டன் பயன்படுத்தியது இங்கிலாந்தின் போர்ட்லாந்து கல். குவிமாடத்துக்கு இப்போது மீத் மாவட்டத்தின் ஆர்ட்பிராகன் சுண்ணாம்புக்கல் வந்தது. அதன் நிறம் அடர்த்தியானது.

இந்த மீட்பு முழுமையானதல்ல. காண்டனின் உள்அலங்காரம் திரும்பவில்லை. எரிந்த ஆவணங்களை எந்தக் கொத்தனாரும் கட்டித்தர முடியாது. உள்ளூர் வரலாற்றை எழுதுவோர் இன்றும் அந்த இழப்பைச் சுமக்கிறார்கள். விடுதலைப் போர் என்பதற்காக இந்த விலையைக் கணக்கிலிருந்து கழித்துவிட முடியாது.

அதனாலேயே நிறம் மாறிய கல் தேவைப்படுகிறது. பழையபடியே பூசி மெழுகிய புனரமைப்பு, எதுவும் நடக்காதது போன்ற பொய்யைச் சொல்லும்; இடிப்பு, ஆள்வோருக்கு வேண்டாத நூற்றாண்டுகளை அழித்துவிடும். கட்டியவர், எரித்தவர், மீட்டவர் மூவருக்கும் இங்கே இடமிருக்கிறது. இன்று அயர்லாந்தின் வீட்டுவசதி, உள்ளாட்சித் துறை அங்கிருந்தே இயங்குகிறது. காலனிக் கட்டடங்களை என்ன செய்வது என்று தடுமாறும் அரசுகள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: புதுப்பிக்கும்போது எந்தத் தழும்பை விட்டுவைக்கப் போகிறோம்?